பகலில் வாய் பிளக்கின்றன, விடிந்தால் மூலையில் குவிந்து கிடக்கின்றன: குஞ்சுகளுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கார்த்திகை முடிகிற நேரத்தில் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 100 வாங்கியிருக்கிறார், ஒரு நாள் வயது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி 10க்கு 10 அறை, சிமெண்ட் தரை, மேலே ஷீட். தரையில் மெலிதாக உமி தூவி, இரண்டு 100 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, காற்று வரக்கூடாது என்று ஜன்னலைத் தார்ப்பாயால் முழுக்க அடைத்திருக்கிறார். ஆறு நாளில் 23 குஞ்சுகள் போய்விட்டன. "மத்தியானத்தில் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்குகின்றன. விடிந்து பார்த்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, அடியில் இருப்பவை செத்திருக்கின்றன. சூடு அதிகமா, குறைவா? 200 வாட் பல்பு போடலாமா? செத்ததற்குப் பதில் புதுக்குஞ்சு வாங்கி உள்ளே விடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, பெரிய பல்பு வேண்டாம். உங்களிடம் இருக்கும் இரண்டு பல்புகளே 77 குஞ்சுகளுக்குப் போதும். காரணமெல்லாம் அப்புறம் படியுங்கள். இன்று பொழுது சாய்வதற்குள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

16 அடி நீளத்துக்குத் தகரத் தகடோ கெட்டியான அட்டையோ எடுத்து, ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். 5 அடி விட்டம் வரும். குஞ்சுகள் அனைத்தும் அதற்குள் இருக்கட்டும், அறையின் மற்ற இடம் அவற்றுக்கு வேண்டாம். வட்டத்துக்குள் பழைய உமியை வாரிவிட்டு, வெயிலில் காய்ந்த உமியை இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டு பல்புகளையும் வட்டத்தின் நடுவில் ஒன்றாகக் கொண்டுவந்து, உமியிலிருந்து சுமார் ஓர் அடிக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். பல்புக்கு மேலே ஒரு தகர மூடியோ அலுமினியத் தாம்பாளமோ கவிழ்ந்தாற்போல் இருந்தால், மேலே ஓடிப்போகும் சூடு கீழே திரும்பும். வயரில் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் தொங்கவிடுங்கள், பத்திரத்துக்கு இன்னொரு கம்பியையும் கட்டுங்கள். பல்பு உமியில் விழுந்தால் கொட்டகையே எரியும். இரண்டு பல்புகளுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்க வேண்டும். ஜன்னலை அடைத்த தார்ப்பாயின் மேல்பக்கத்தை ஒரு சாண் இறக்கிவிடுங்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் அம்மாவோ அத்தையோ அடை வைத்துப் பொரித்த கோழியை நினைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளோடு மார்கழிப் பனியில் முற்றத்தில் மேயும். அந்தத் தாய்க்கோழி முற்றத்தைச் சூடாக்குவதில்லை. அதன் இறக்கைக்கு அடியில் மட்டும்தான் சூடு. குஞ்சு குளிர்ந்ததும் உள்ளே நுழையும், ஐந்து நிமிஷம் பதுங்கும், சூடேறியதும் வெளியே ஓடிப் பொறுக்கித் தின்னும், திரும்ப வரும். எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்வது குஞ்சு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க நாம் போடும் அமைப்பு, அதாவது புரூடர், செய்ய வேண்டியது இதைத்தான். நடுவில் ஒரு சூடான இடம், அதைச் சுற்றிக் குளிர்ச்சியான இடம். நீங்கள் செய்தது ஒரு சூடான அறை. மத்தியானம் அந்த அறையில் குஞ்சுக்கு ஓடி ஒதுங்க இடமில்லை. இரவில் அதே அறை குளிர்ந்துபோனால், கூடி நிற்க ஒரு சூடான இடமும் இல்லை. அதனால்தான் மூலையைத் தேடிப் போகின்றன.

பல்பு பகலிலும் இரவிலும் ஒரே அளவு சூட்டைத்தான் கொடுக்கும். முதல் வாரக் குஞ்சுக்கு அதன் முதுகு உயரத்தில் 35 டிகிரி (பாரன்ஹீட்டில் 95) வேண்டும். மார்கழியில் நம் பக்கம் பகலில் 28, 29 டிகிரி இருக்கும், ஷீட் போட்டு அடைத்த அறைக்குள் இன்னும் கூடும். அப்போது பல்பு ஏற்ற வேண்டியது ஐந்தாறு டிகிரிதான். பின்னிரவில் 20, 21க்கு இறங்கும். அப்போது ஏற்ற வேண்டியது 14, 15 டிகிரி. இரண்டுக்கும் ஒரே பல்பு, ஒரே உயரம் என்றால் ஏதோ ஒரு நேரத்தில் தப்பாகத்தான் இருக்கும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: மத்தியானம் சூடு அதிகம், விடியற்காலை குறைவு, இரண்டுமே உண்மை. பகலில் ஒரு பல்பு, வெயில் ஏறினால் அதுவும் வேண்டாம். இரவில் இரண்டும் எரியட்டும்.

வாட் கணக்கு கேட்பவர்களுக்கு: குளிர்காலத்தில் குஞ்சுக்கு 2 வாட், கோடையில் 1 வாட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 77 குஞ்சுகளுக்கு 154 வாட். ஒரே பெரிய பல்பைவிட 40 வாட் பல்பு நான்கு போடுவது நல்லது, ஒன்று நடுராத்திரியில் பியூஸ் போனாலும் மூன்று எரியும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது வெளிச்சத்துக்காகச் செய்தது, குஞ்சுக்குக் காயும் அளவுக்கு அதில் சூடு வராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பு வாங்கி ஒன்றரை அடிக்கு மேல் தொங்கவிடுங்கள். கரண்ட் செலவுக்குப் பயந்து சிலர் பாதி ராத்திரியில் அணைத்துவிடுகிறார்கள். 160 வாட்டை 12 மணி நேரம் எரித்தால் 2 யூனிட்டுக்கும் குறைவு. செத்துப்போன 23 குஞ்சுகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் சுவரில் மாட்டாதீர்கள். குஞ்சு நிற்கும் உயரத்தில், உமியிலிருந்து இரண்டு அங்குலத்தில், பல்புக்கு நேர் கீழே இல்லாமல் தகர மூடியின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் வாரம் 35, இரண்டாம் வாரம் 32, மூன்றாம் வாரம் 29, நான்காம் வாரம் 26 என்று வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வாரா வாரம் பல்பை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தெர்மாமீட்டரைவிட நான் அதிகம் நம்புவது குஞ்சுகளைத்தான். கதவை மெதுவாகத் திறந்து, உள்ளே போகாமல், இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். வட்டம் முழுக்கப் பரவலாக, சில தின்று, சில தண்ணீர் குடித்து, சில காலை நீட்டிப் படுத்திருந்தால் சூடு சரி. சத்தமும் மெல்லியதாக, பேசிக்கொள்வதுபோல இருக்கும். பல்புக்கு அடியில் நெருக்கியடித்து, கீச்சென்று உரக்கக் கத்தினால் குளிர்கிறது. பல்பை விட்டு விளிம்போரம் ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூடியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ சந்து வழியாகக் காற்று அடிக்கிறது. இன்னொரு வழியும் உண்டு: ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் அந்தக் குஞ்சுக்குக் குளிர்கிறது.

இதை மாலை ஏழு மணிக்குப் பார்த்துவிட்டுப் படுத்தால் பயனில்லை. குளிரில் குஞ்சுகள் பெரும்பாலும் சாவது பின்னிரவில், இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில். முதல் பத்து நாள் அலாரம் வைத்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாருங்கள். சிரமம்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குஞ்சு ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று கேட்கலாம். சிறுவிடைக் குஞ்சு பொரிக்கும்போது 30 கிராம் சொச்சம்தான். அவ்வளவு சின்ன உடம்பில் சூடு நிற்காது. வளர்ந்த கோழியின் உடம்பு 41 டிகிரியை ஒட்டி இருக்கும், புதுக்குஞ்சுக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு, அதையும் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் இரண்டு வாரத்துக்குச் சரியாக வருவதில்லை. மேலே இருக்கும் பஞ்சு மயிர் காய்ந்திருக்கும்வரைதான் காக்கும், நனைந்தால் போயிற்று. அதனால் தண்ணீர் வைக்கும் பாத்திரத்தில் குஞ்சு இறங்க முடியக்கூடாது. அகலத் தட்டு வைத்திருந்தால் அதில் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ நிரப்பிவிடுங்கள்.

சிமெண்ட் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெலிதாகத் தூவிய உமிக்குக் கீழே தரை ராத்திரி முழுக்கக் குஞ்சின் வயிற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே பல்பு எரிந்தும் குஞ்சு குளிரும். வயிறு குளிர்ந்த குஞ்சுக்கு உள்ளே இருக்கும் மஞ்சள் கரு சரியாகக் கரையாது. அந்த மஞ்சள் கருதான் அதற்கு முதல் இரண்டு மூன்று நாள் சாப்பாடு. அடுத்த முறை குஞ்சு வருவதற்கு முந்தின நாளே உமி பரப்பிப் பல்பைப் போட்டுவிடுங்கள். உமிக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) தோல் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் பெரிய கோழிக்குப் பரவாயில்லை. குஞ்சுக்கு வேண்டாம் என்பேன். மழைக்காலத்தில் அதில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூசணத் தூள் நுரையீரலில் போனால் குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், நாம் சூடு அதிகம் என்று நினைத்துப் பல்பை அணைத்துவிடுவோம், இன்னும் நாலு சாகும். நெல் உமியே நல்லது, அதிலும் மக்கல் வாசனை வந்தால் வேண்டாம். முந்திரித் தொல்லியை (முந்திரிக்கொட்டை ஓட்டை) தரையில் போடவும் கூடாது, குஞ்சு இருக்கும் இடத்தில் எரிக்கவும் கூடாது. அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணையும் மூச்சையும் அரிக்கும்.

காற்று பற்றி: ஐப்பசி முதல் தை வரை நமக்கு வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். வடக்கும் கிழக்கும் குஞ்சின் உயரத்துக்கு நன்றாக மறைக்கப்பட்டிருக்க வேண்டும். மேலே திறந்திருக்க வேண்டும். முழுக்க அடைத்தால் குஞ்சின் மூச்சு ஈரமும் எச்சத்தின் அமோனியாவும் உள்ளேயே தங்கும். நீங்கள் குனிந்து குஞ்சின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் அவற்றுக்கும் கரிக்கிறது. ஈரமான உமி சளிக்கும் ரத்தக் கழிச்சலுக்கும் வழி விடும், தினமும் கிளறிவிட்டு, நனைந்த இடத்தை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள்.

கரி அடுப்பு வைக்கலாமா என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம் கடற்கரைப் பக்கம் சவுக்கு நிறைய, சவுக்குக் கரி சுலபமாகக் கிடைக்கும், மண்சட்டியில் போட்டுச் சாம்பல் தூவினால் இரவெல்லாம் கணகணவென்று இருக்கும். நானும் வைத்தேன். கோழி வளர்க்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு மார்கழி இரவு கரண்ட் போனது. கரிச்சட்டியை உள்ளே வைத்து, கதவை இறுக்கச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலை பார்த்தபோது 60 குஞ்சுகளில் 41 இல்லை. ஒன்றும் குவியவில்லை, கத்தவும் இல்லை, படுத்த இடத்தில் தூங்குவதுபோல் கிடந்தன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த அறையில் மனிதர் படுத்திருந்தாலும் அதே கதிதான். கரி வைத்தே ஆக வேண்டும் என்றால் வெளியே நன்றாகப் பற்றி, புகை அடங்கியபின் உள்ளே கொண்டுவாருங்கள், எதிரெதிர் இரண்டு பக்கம் மேலே திறந்திருக்கட்டும், சட்டியைச் சுற்றிக் கம்பிவலை வையுங்கள், அந்த அறையில் நீங்கள் படுக்காதீர்கள்.

கரண்ட் போவது நம் மாவட்டத்தில் எப்போதோ நடக்கும் காரியமில்லை, குஞ்சு வாங்கும்போதே அதற்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது என்னிடம் ஆறு நாள் குஞ்சுகள் 90 இருந்தன. கொட்டகை ஷீட் பறந்துவிட்டது. குறிஞ்சிப்பாடி பக்கத்தில் எங்கள் ஊருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றியது அவை வந்த அட்டைப்பெட்டி. குஞ்சு வரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே நான்கு அறை, அறைக்கு 25 குஞ்சு, பக்கத்தில் ஓட்டைகள். அந்த எண்ணிக்கையில் குஞ்சுகள் தங்கள் உடம்புச் சூட்டாலேயே ஒன்றையொன்று காத்துக்கொள்ளும், குவிந்து நசுங்கவும் இடமிருக்காது. அடியில் காய்ந்த வைக்கோல் பரப்பிச் சமையலறையில் விறகடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட்டுத் தீனியும் தண்ணீரும் கொடுத்து, திரும்பப் பெட்டியில் போட்டோம். நான்கைந்துதான் போயின. அந்தப் பெட்டியை இன்றுவரை நான் எறிவதில்லை.

பெட்டி இல்லையென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைச் சாக்கில் சுற்றி வட்டத்துக்குள் வையுங்கள். செங்கல்லை அடுப்பில் சுட்டுச் சாக்கில் சுற்றியும் வைக்கலாம், இரண்டு மணி நேரம் தாங்கும். வட்டத்தைப் பாதியாகச் சுருக்கி, மேலே பாதிக்குச் சாக்கைப் போர்த்துங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் பெண்ணையாற்றில் வந்த வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. நெல்லிக்குப்பம் கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் குஞ்சுகளைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இரவும் பகலும் வெளிச்சத்திலேயே வளர்ந்த குஞ்சு திடீரென்று இருட்டானால் மிரண்டு ஓடிக் குவியும். அந்த மிரட்சியிலும் பல நசுங்கிச் சாகும். மூன்று நான்கு நாள் ஆனதும், அந்தியில் அறை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, தினம் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துப் பழக்குங்கள். முதல் நாள் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நள்ளிரவில் கரண்ட் போனாலும் இருந்த இடத்தில் படுத்துக்கொள்ளும்.

தீனி தண்ணீர் சுருக்கமாக. குஞ்சு வந்ததும் முதலில் தண்ணீர், குளிர்ந்ததாக இல்லாமல் வெதுவெதுப்பாக, லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்து. ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தொட்டு எடுத்தால் குடிக்கக் கற்றுக்கொள்ளும். ஓரிரு மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோளமோ குருணையோ காகிதத்தின்மேல் தூவலாம், மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். வழவழப்பான காகிதம் வேண்டாம், கால் விரிந்து நொண்டியாகும், சாக்கு நல்லது. இரவு குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். குளிரும் குஞ்சு பல்பை விட்டு வராது, தின்னாது, தின்னாத குஞ்சு இன்னும் குளிரும். பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் விடுங்கள். பிய்த்து எடுக்காதீர்கள். குளிரோ சூடோ தப்பான இடத்தில்தான் பெரும்பாலும் இது வரும்.

நீங்கள் சொன்ன சாவில் எல்லாமே குளிர் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மூலையில் தட்டையாக, ஈரமாகக் கிடந்தவை நசுங்கிச் செத்தவை. தனியாகக் கிடந்து, வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக நாற்றமடித்தால் அது தொப்புள் வழியே கிருமி ஏறியது, பொரிப்பகத்திலிருந்தே வந்திருக்கும், சூட்டால் சரியாகாது. நல்ல பராமரிப்பில் முதல் வாரம் நூற்றுக்கு ஒன்றிரண்டு போகும். வட்டம் போட்டபிறகும் தினம் இரண்டு மூன்று செத்தால், அன்று செத்ததை அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன, அங்கேயும் கேட்கலாம். வெள்ளைக் கழிச்சலுக்கான (ராணிக்கெட் நோய்) சொட்டு மருந்து ஏழாம் நாளை ஒட்டிப் போட வேண்டியது. உங்கள் குஞ்சுகள் அந்த நாளுக்கு வந்துவிட்டன. ஆனால் குளிரில் வாடிய குஞ்சுக்கு உடனே போடாமல், இரண்டு நாள் தேறவிட்டு மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

பல்பை எப்போது எடுப்பது என்றால், இந்த மார்கழியில் நான்கு வாரம் வரை இரவில் வேண்டியிருக்கும். இறக்கையும் முதுகும் மூடி வளர்ந்ததும் முதலில் பகலில் நிறுத்துங்கள், நான்கைந்து நாள் கழித்து முன்னிரவில், கடைசியில்தான் பின்னிரவில். மழை நாளில் நிறுத்தாதீர்கள். இதே குஞ்சைக் கத்திரி வெயிலில் வாங்கியிருந்தால் பத்து நாளில் எடுத்திருக்கலாம், பகலில் பல்பே போடாமல் இருந்திருக்கலாம்.

செத்ததற்குப் பதில் புதுக்குஞ்சு வாங்கி இவற்றோடு விடாதீர்கள். இவற்றுக்கு இரண்டாம் வாரம் தொடங்கப்போகிறது, 32 டிகிரியே போதும், புதியதுக்கு 35 வேண்டும், இந்த வித்தியாசம் வாரா வாரம் இருந்துகொண்டே இருக்கும். பெரியது சின்னதை மிதிக்கும், ஒன்றின் நோய் இன்னொன்றுக்குப் போகும். இந்த 77ஐக் கரையேற்றுங்கள். அவை வெளியே போனதும் உமியை முழுக்க வாரி, தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் காயவிட்டால் மாசி வந்துவிடும். இரவுக் குளிர் அப்போது தணிந்திருக்கும். அடுத்த 100ஐ அப்போது வாங்குங்கள், காலையில் வந்து சேரும்படி சொல்லுங்கள். பைக்கில் கொண்டுவந்தால் காற்று படாமல் பெட்டியைத் துணியால் சுற்றுங்கள், ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் இருக்கட்டும்.